தீபாவளி முடிஞ்சு பார்த்துக்கலாம்

ஜூன் 12, 2025

காலையில் புளித்த ஏப்பம். மத்தியானம் கோட்ட அலுவலகம். இரண்டும் ஒன்றுதான்.

உப்போடைச் சுவருக்கு இரண்டாவது திருத்திய மதிப்பீடு கையெழுத்தாகி வந்துவிட்டது. எம். புதுப்பட்டிப் பக்கம் ஓடைக்கரைக் காலனிக்குள் மழைக்காலத்தில் வெள்ளம் புகாமல் இருக்க ஒரு கான்கிரீட் சுவர். அணைக்கட்டு இல்லை, பாலம் இல்லை, வெறும் சுவர். ஒரு வருடத்தில் முடிய வேண்டியது, மூன்றாவது வருடம் ஓடுகிறது. முதலில் போட்ட தொகையோடு இன்னொரு பாதி சேர்ந்தாயிற்று. உதவிப் பொறியாளர் நான். அதாவது, திட்டு வாங்குவதற்காகப் போட்டிருக்கும் ஆள்.

தொகை கூடிவிட்டதால் சிக்கனம் செய்திருக்கிறார்களாம். எதை வெட்டினார்கள்? காலனிக்குள் தேங்கும் தண்ணீர் சுவரைத் தாண்டி ஓடையில் இறங்க வைத்திருந்த வடிகால் குழாய்களை. எதை வெட்டவில்லை? திறப்புவிழாக் கிரானைட் கல்லை.

செயற்பொறியாளரிடம் போய்க் கேட்டேன். "குழாயை எடுத்துட்டா உள்ள விழுற மழை எங்க சார் போகும்?"

"சுவர் வந்துட்டா தண்ணியே உள்ள வராதேம்மா."

வானத்துக்கும் சேர்த்துச் சுவர் கட்டுகிறாரோ என்னவோ. ஆட்சேபத்தை எழுதியே கொடுத்தேன். வாங்கி டீ கிளாஸுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஜூன் 20

தளத்துக்குப் போனேன். சுவரைப் பார்த்தேன். மேல்பக்கம் கொஞ்சம் முடிந்திருக்கிறது. கீழ்ப்பக்கம் கம்பி கட்டுகிறார்கள். நடுவில், எதிர்க்கரையில் தனுஷ்கோடி அண்ணாச்சியின் பட்டாசுக் கம்பெனி இருக்கிற இடத்தில், ஒன்றுமே இல்லை. பல் விழுந்த வாய்.

ஒப்பந்ததாரர் ஹரிபிரசாத் எப்போதும் போல வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு சிமெண்ட் படாமல் நின்றான். "அங்கன வெடிமருந்து அறை இருக்கு மேடம். கம்பி அறுக்கிற மிஷின்ல தீப்பொறி பறக்கும். கம்பெனிக்காரக விடமாட்டாக. தீபாவளி முடிஞ்சு ஒன்னரை மாசம் கம்பெனி லீவு. அப்பப் பார்த்துக்கலாம்."

தீபாவளி முடிஞ்சு! இந்த ஊரில் கல்யாணம், கடன், கண் ஆபரேஷன் எல்லாமே தீபாவளி முடிஞ்சுதான். ஐப்பசி மழைக்கு மட்டும் யாரும் இதைச் சொல்லிவைக்கவில்லை. போன வருடமும் இதே பேச்சு. கம்பெனி மூடிய அன்றே மழை பிடித்தது. தோண்டிய குழியில் தண்ணீர் நின்றது. அதை இறைத்ததற்கு ஒரு பில், மழையில் கரைந்த மண்ணுக்கு ஒரு பில்.

கம்பெனி லீவில் சும்மா இருக்கும் ஆட்கள் குறைந்த கூலிக்கு வருவார்கள் என்பதை அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

முதல் வீட்டு பாண்டிச்செல்வி குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதே கம்பெனியில் திரி வைக்கிறவள். "ஏம் மேடம், இந்தச் செவரு எங்களுக்கா, ஓடைக்கா?" என்றாள்.

ஜூலை 9

காலை பத்து மணிக்கு ஆய்வுக் கூட்டம் என்று விருதுநகருக்கு வரச் சொன்னார்கள். மாலைவரை உட்கார்ந்தேன். முந்திரி பக்கோடா நன்றாக இருந்தது. என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் ஹரிபிரசாத் போன். "கீழ்ப்பக்கம் கான்கிரீட் போட்டாச்சு மேடம். லோடு வந்துருச்சு, நிறுத்த முடியலை." கம்பியை நான் அளக்காமல் கான்கிரீட் போடக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! செயற்பொறியாளர், "நான்தான் போடச் சொன்னேன், வேலை நடக்கட்டுமே" என்கிறார். சீ.

ஜூலை 10

போய்ப் பார்த்தேன். வழவழவென்று பூசி, வெள்ளையும் அடித்துவிட்டான். இவ்வளவு வேகம் இவன் வாழ்க்கையில் வேறு எதிலும் கிடையாது. உள்ளே என்ன இருக்கிறதோ. சோதிக்க வேண்டும் என்று கேட்டு எழுதினேன். டீ கிளாஸ்.

ஆகஸ்ட் 6

தாங்க முடியாமல் நானே கம்பெனிக்குப் போனேன். வாசலில் செல்போனையும் செருப்பையும் வாங்கி வைத்துக்கொண்டு, உடம்பு மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்ட பிறகுதான் உள்ளே விட்டார்கள். எங்கள் அலுவலகத்திலும் ஒரு தகடு வைக்கலாம்.

தனுஷ்கோடி அண்ணாச்சி வயதான, கறாரான மனிதர். "வாங்க மேடம், சாப்பிட்டீகளா?" என்றவர், நான் விஷயத்தைச் சொன்னதும் முழித்தார்.

"நான் எப்ப வேண்டாம்னேன்? எங்கிட்ட யாரு வந்து கேட்டாக?"

"தீப்பொறின்னு..."

"தீப்பொறி ஆகாது. அதுல மாத்தமே இல்ல. ஆனா கம்பிய ஆமத்தூர்ல வச்சு அறுத்து, வளைச்சுக் கொண்டாங்க. இங்கன கட்டுக்கம்பி போட்டுக் கையால கட்டுங்க. கலவையையும் கையால போடுங்க. எனக்கென்ன? மருந்து அறைக்கு நேரா ஓடை திரும்புது. செவரு வந்தா ரெண்டு கரைக்கும் நிம்மதி. நானும் அடுத்த சீசனுக்குக் கீழ்ப்பக்கம் வெடி காயப்போட மேடை கட்டலாம்னு இருக்கேன்."

இரண்டு வருடம்! ஒருவன்கூட ஓடையைத் தாண்டிப் போய் அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்வார் என்று எல்லோருமே முடிவு செய்துகொண்டோம். பட்டாசுக் கம்பெனி ஓரத்து வேலை என்றால் தீபாவளி முடிஞ்சு. அது இங்கே தாய்ப்பாலோடு ஊட்டப்படுகிறது போல. நானும்தான் குடித்து வளர்ந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 7

"கையால கலவை போட எஸ்டிமேட்ல ஐட்டம் இல்லையே மேடம்" என்கிறான் ஹரிபிரசாத். செயற்பொறியாளரும் அதையே சொல்கிறார், அதே வார்த்தையில். ஐட்டம் வேண்டுமென்றால் மூன்றாவது திருத்திய மதிப்பீடு. எழுதினேன். மழைக்கு முன் இடைவெளியை அடைக்காவிட்டால், பாதிச் சுவர் இருப்பது சுவரே இல்லாததைவிட மோசம் என்றும் எழுதினேன். தண்ணீர் அந்த ஒரே வழியாக முழு வேகத்தில் புகும். புகுந்தது வெளியேறக் குழாயும் இல்லை. காலனி ஒரு அண்டாவாகிவிடும். இதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டாம், பாத்திரம் கழுவியிருந்தால் போதும்.

செப்டம்பர் 3

கோப்பு மேலிடத்திலிருந்து திரும்பிவிட்டது. ஒரே ஒரு கேள்வியோடு. 'மேற்படி பணியைத் தீபாவளிக்குப் பின், தொழிற்சாலை விடுமுறைக் காலத்தில் மேற்கொண்டால் என்ன?'

சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய் அழுதேன்.

செப்டம்பர் 19

பதில் அனுப்பினேன். பதிலுக்குப் பதில் இல்லை.

அக்டோபர் 8

திறப்புவிழாக் கல்லைக் கொண்டுவந்து கீழ்ப்பக்கச் சுவரில் பதித்துவிட்டார்கள்! சுவர் முடியவில்லை, கல் முடிந்துவிட்டது. அதில் ஏழெட்டுப் பெயர்கள், ஆழமாகக் கொத்தியிருக்கிறது. இதற்கு மட்டும் ஐட்டம் இருந்தது.

அக்டோபர் 20

தீபாவளி. காலையிலிருந்து தூறல். வீட்டில் எல்லோரும் 'வெடி நமுத்துருச்சே' என்கிறார்கள். என் கண் ஜன்னலை விட்டு நகரவில்லை. கம்பெனி மூடிவிட்டது. ஹரிபிரசாத் குடும்பத்தோடு கொடைக்கானலில் இருக்கிறானாம்.

அக்டோபர் 22

எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

விடிந்ததும் போன். பாண்டிச்செல்வி. "மேடம், தண்ணி வந்துருச்சு, வந்த தண்ணி போக மாட்டேங்குது." ஆட்டோ ஆமத்தூரைத் தாண்டவே அத்தனை பாடு. போய்ச் சேர்ந்தபோது காலனிக்குள் இடுப்பளவு. ஓடை அந்த இடைவெளி வழியாக அருவி மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. கீழ்ப்பக்கம் என் வெள்ளைச் சுவர் ஒரு சொட்டு வெளியே விடாமல் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓடை, உள்ளே நிற்கும் தண்ணீரைவிட முழங்காலளவு தாழ்வாக ஓடுகிறது. இந்தப் பக்கம் ஜனங்கள் மூழ்கிக்கொண்டிருக்கிறார்கள். போனஸில் வாங்கிய கிரைண்டர், புதுத்துணி, எல்லாம் மிதந்தது. குழந்தைகளைப் பரணில் ஏற்றியிருந்தார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

செயற்பொறியாளருக்குப் போன் போட்டேன். "எதையும் தொடாதீங்க, மேல கேட்டுச் சொல்றேன்" என்றார். எங்கே கேட்பார், எப்போது சொல்வார்? தீபாவளி முடிஞ்சா? அட, தீபாவளிதான் முடிஞ்சுபோச்சே!

"கடப்பாரை இருக்கா?" என்றேன். பாண்டிச்செல்வி என் முகத்தையே பார்த்தாள். "செவரையா மேடம்?"

"ஆமா. ஒடைங்க. நான் சொன்னேன்னு ஒடைங்க."

ஆம்பளைகள் பத்துப் பேர் இறங்கினார்கள். அரை நாளாவது ஆகும், அதற்குள் பரணுக்குத் தண்ணீர் போய்விடும் என்று நினைத்தேன். கான்கிரீட் சுவரல்லவா, நான்தானே கணக்குப் போட்டேன். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அப்பளம் மாதிரி நொறுங்கிவிட்டது. கிரானைட் கல் சரிந்து விழுந்தது, தண்ணீர் ஓடையில் பாய்ந்தது. உடைப்பில் கம்பி துருத்திக்கொண்டு நின்றது. ஒரு சாண் இடைவெளியில் இருக்க வேண்டிய கம்பி, மூன்று சாணுக்கு ஒன்று. அதுவும் ஒல்லிக் கம்பி.

பாண்டிச்செல்வி பரணிலிருந்து மகளை இறக்கிக்கொண்டே, "நல்லவேளை மேடம், செவரு லேசுல விட்டுருச்சு" என்றாள்.

நல்ல வேலையாக இருந்திருந்தால் இன்று பிணம் எண்ணியிருப்போம். திருட்டு வேலை காப்பாற்றியிருக்கிறது. இதைவிட அருவருப்பான ஒன்றை நான் இந்த உத்தியோகத்தில் பார்த்ததில்லை.

அக்டோபர் 24

செயற்பொறியாளர் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். குரலில் அன்பு ஒழுகியது. "வெள்ளம் ஒடைச்சதுன்னு எழுதிருங்க சொர்ணலட்சுமி. வெள்ளச் சேதச் சீரமைப்புன்னு புது நிதியே வரும். இடைவெளியையும் அதுலயே அடைச்சுரலாம், உங்க குழாயையும் வச்சுரலாம். எல்லாருக்கும் நல்லது. நீங்க ஒடைச்சேன்னு எழுதுனா, அரசாங்கச் சொத்தச் சேதப்படுத்துனதுன்னு உங்க மேலதான் வரும்."

வெளியே ஹரிபிரசாத் இனிப்புப் பெட்டியோடு நின்றான். அதே சுவரை அதே ஆள் இன்னொரு தடவை கட்ட, இன்னொரு தொகை. இடிந்ததும் லாபம்தான். பெட்டியைத் தொடாமல் வந்துவிட்டேன்.

அவர் சொன்னதில் பாதி நிஜம். குழாய் வரும். ஜனங்களுக்கு அதுதானே வேண்டும்? எனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது. என்ன எழுத?

அக்டோபர் 27

எழுதிவிட்டேன். 'சுவரை உடைக்கச் சொன்னது நான். உடைப்பில் தெரியும் கம்பிகளை மூடுவதற்கு முன் மேலதிகாரி நேரில் வந்து அளக்க வேண்டும்.' இந்தத் தடவை டீ கிளாஸுக்கு அடியில் போகாமல் சென்னைக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.

நவம்பர் 14

எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம். தளத்துக்குப் போகவும் தடை. ஹரிபிரசாத்துக்கு ஒன்றும் இல்லை. செயற்பொறியாளருக்கு மேலே இருக்கும் கண்காணிப்புப் பொறியாளர் டிசம்பர் ஐந்தாம் தேதி வந்து உடைப்பைப் பார்ப்பாராம்.

டிசம்பர் 4

மத்தியானம் சாப்பிட உட்காரும்போது தனுஷ்கோடி அண்ணாச்சி போன். இத்தனை வயதில் அந்த மனிதர் இப்படிக் கத்தி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"மேடம், உங்க ஆளுக என் கம்பெனிய எரிக்கப் பாக்குறாகளா? கம்பெனி தொறந்து ரெண்டு நாளுதான் ஆச்சு. கீழ்ப்பக்கம் புது மேடையில வெடி காயுது. எதிர்ல கட்டர் போட்டுக் கம்பி அறுக்கானுவ. பொறி மத்தாப்பு மாதிரி பறக்குது!"

ஹரிபிரசாத்தின் ஆட்கள். சாப்பாட்டு நேரமாகப் பார்த்து வந்து, உடைப்பில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளை அறுத்தெடுத்துவிட்டுக் கலவை பூசிவிடத் திட்டம். நாளை அதிகாரி வரும்போது அளக்க ஒன்றும் இருக்காது. இரண்டு வருடமாகத் தீப்பொறி ஆகாது, தீப்பொறி ஆகாது என்று சொல்லியே வேலை செய்யாதவன், திருட்டை மறைக்கத் தீப்பொறியோடு வந்திருக்கிறான்! மேடையில் வெடி காய்வதைப் பார்க்கக்கூட இல்லை. அவனுக்கு அந்தக் கம்பெனி எப்போதுமே ஒரு சாக்குதான், அங்கே ஆள் வேலை செய்வது நினைப்பிலேயே கிடையாது.

"நாலு கம்பிதான் அறுத்திருக்கானுவ. எங்க பயலுகள ஓடையத் தாண்டி விட்டு, கட்டரையும் கம்பியையும் ஆளையும் பிடிச்சாந்து கேட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டேன். எனக்கு லைசென்ஸ் முக்கியம் மேடம். போலீஸுக்கும் தீயணைப்புக்கும் சொல்லியாச்சு. நாளைக்கு வாற அதிகாரியும் இங்கன வரட்டும், காட்டுதேன்."

அவர் எனக்காகச் செய்யவில்லை, சுவருக்காகவும் செய்யவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும். சோறு ஆறிப்போயிருந்தது, முழுசாகச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 5

அளந்தார்கள்.

ஜனவரி 9, 2026

எனக்கு ஊதிய உயர்வு நிறுத்தம். மேசை வேலைக்கு மாற்றல். உடைத்தது உடைத்ததுதானாம். ஹரிபிரசாத்தின் பில் நின்றிருக்கிறது. வேறு பெயரில் வேறெங்காவது ஒரு சுவர் கட்டிக்கொண்டிருப்பான். செயற்பொறியாளர் விடுப்பில். மருத்துவ விடுப்பாம். அவருக்கும் ஏப்பம் போல.

பிப்ரவரி 22

ஞாயிற்றுக்கிழமை. சும்மாதான், பஸ் ஏறிப் போனேன்.

இடைவெளியில் சுவர் எழும்பிவிட்டது. கம்பியை ஆமத்தூரில் அறுத்து லோடாகக் கொண்டுவந்து கையால் கட்டியிருக்கிறார்கள். எதிர்க்கரையில் கம்பெனி பாட்டுக்கு நடந்ததாம். ஐட்டம் எங்கிருந்து வந்ததென்று நான் கேட்கவில்லை. கீழ்ப்பக்கச் சுவரை இடித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறார்கள், வடிகால் குழாயோடு.

பாண்டிச்செல்வி ஓடையோரம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க மேடம். கொழாய் வச்சுட்டாக. நானே கையை விட்டுப் பாத்தேன், அந்தப் பக்கம் வெளிய வருது. பங்குனிப் பொங்கலுக்குள்ள முடிச்சுருவாகளாம்."

அவள் துவைத்த கல் பளபளப்பாக இருந்தது. குனிந்து பார்த்தேன். திறப்புவிழாக் கல். அத்தனை பெயர்களும் மேல்பார்க்க, சோப்பு நுரையில்.

"பின்பக்கத்தைப் போட்டா ஒட்டியிருக்கிற சிமெண்டுல துணி கிழியுது மேடம்" என்றாள். "எழுத்து இருக்கிற பக்கம் அளவாச் சொரசொரன்னு இருக்கு. அழுக்கு நல்லாப் போகுது."