எழுபதுக்கு இந்தப் பக்கம்

போன திங்கட்கிழமை திருப்பதியில் உன் மனைவி தனம்மா உன் மேக்கப் பெட்டியை என் கையில் கொடுத்தாள். சித்தூர் வந்து சேரும்வரை நான் அதைத் திறக்கவில்லை. வீட்டில் மேசைமேல் வைத்து மூடியைத் தூக்கியதும் தாடி ஒட்டும் பசையின் வாசனை அடித்தது. ஸ்பிரிட் கம் என்று நீ சொல்வாய். புட்டியின் அடியில் அரை விரல் உயரத்துக்குப் பசை இன்னும் காயாமல் இருக்கிறது. நடுப்பகல், ஜன்னலில் நல்ல வெயில். ஆனாலும் எனக்குக் குளிர் எடுத்தது. எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தேன். குளிர் நிற்கவில்லை.

பெட்டியோடு ஒரு தாளும் கொடுத்திருந்தாள். உனக்கு விருது கிடைத்திருக்கிறது. சிறந்த துணை நடிகர். பாராட்டுப் பத்திரத்தில் அச்சிடுவதற்காகப் பெயர், பிறந்த தேதி, வயது என்று மூன்று கட்டங்கள் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். "நீங்களே எய்திக் குடுங்கண்ணா. அவரு பாரம் எல்லாம் நீங்கதான எய்துவீங்க" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். உன் மனைவிக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்பதால், அது எனக்குச் சாதாரணமாகக் கேட்கவில்லை.

இந்த வயதுக் கணக்கை ஆரம்பித்து வைத்தவன் நீதான். பாகாலா ஸ்டேஷனில் திருப்பதி வண்டிக்காக உட்கார்ந்திருந்தோம். நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்திக்கொண்டிருந்த காலம். நீ பஸ் கண்டக்டர். லீவு போட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்க் கல்யாணப் பெண்ணின் அப்பாவாகவும், பஞ்சாயத்தில் பின்வரிசையில் நிற்பவனாகவும், முதல் ரீலில் செத்துப்போகிறவனாகவும் நடித்துவிட்டு வருவாய். அந்தத் தடவைதான் முதன்முதலாக இரண்டு வரி வசனம் கொடுத்திருந்தார்கள். அதை மூன்று முறை எனக்குப் பேசிக்காட்டிவிட்டுச் சொன்னாய்:

"இன்னாபா லெக்சரரே, சும்மா ஒக்காந்துக்கினு கீற? ஒரு கணக்கு போடு. ஈரோவுக்கு எந்த வயசுல பரிசு குடுக்குறானுங்க, என்ன மாரி சைடுல நிக்கிறவனுக்கு எந்த வயசுல குடுக்குறானுங்க?"

விளையாட்டாகக் கேட்டாய். எனக்கு விளையாட்டாக ஒன்றைச் செய்ய வராது. மறுநாளே நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டேன். ஆண்டு, எந்த நாட்டுப் பரிசு, என்ன வேடம், வாங்கியபோது வயது. முதலில் பத்திரிகைகளிலிருந்து குறித்தேன், பிற்பாடு செல்போனில் தேடிச் சேர்த்தேன். அமெரிக்காவின் பெரிய பரிசைத் துணை வேடத்துக்காகப் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி வாங்கியிருக்கிறாள், எண்பத்திரண்டு வயதுக் கிழவர் ஒருவரும் வாங்கியிருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் எல்லா வயதும் இருந்தது. கதாநாயகனுக்குக் காலம் குறுகல், துணை நடிகனுக்கு வாசல் நெடுநேரம் திறந்திருக்கிறது என்றுதான் என் கோடுகள் காட்டின. சராசரியை மட்டும் நம்பாதே, எண்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவரே அதை மேலே இழுத்துவிடுவார் என்று உனக்கு விளக்கினேன்.

"ஒரு கெழவன் ஏறனா ஆட்டோவே சாஞ்சிடுதா?" என்று சிரித்தாய். பிறகு நோட்டை மூடி என் சட்டைப் பையைத் தட்டி, "அப்போ எனக்கு இன்னும் டைம் கீது" என்றாய். அதற்குப் பிறகு எப்போது பார்த்தாலும் அதையே சொன்னாய். பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த அன்றுகூட.

நான் அந்த நோட்டில் பென்சிலால் ஐந்தாவதாக ஒரு கோடும் போட்டிருந்தேன். பரிசுக்குப் பின் எத்தனை ஆண்டு உயிரோடு இருந்தார்கள் என்பதற்கு. ஒரு பட்டியல் கையில் இருந்தால் அதன் கடைசிவரை போய்ப் பார்க்கும் பழக்கம், அவ்வளவுதான். அதை நீ ஒருநாள் கண்டுபிடித்துவிட்டாய்.

"இது இன்னாபா, பென்சில்ல?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

வரி வரியாக விரல் வைத்துப் படித்தாய். வயதானவர்களுக்கு நேராக இருந்த சின்னச் சின்ன எண்களை. உன் முகத்தில் சிரிப்பு இல்லை. "அழிச்சிரு" என்றாய். உன் எதிரிலேயே அழித்தேன். பென்சில் அழுந்திய பள்ளம் மட்டும் தாளில் நின்றுவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இப்போதும் படிக்கலாம்.

உன் வயதைப் பற்றி எழுதவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். இதுவரை இதை எங்கும் எழுதியதில்லை.

விஜயபுரம் பள்ளிக்கூடத்தில் நாம் இருவரும் ஒரே காலையில் சேர்ந்தோம். வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார் ஹெட்மாஸ்டர். எனக்கு எட்டியும் எட்டாமலும் இருந்தது. நீ காதைத் தாண்டிக் கன்னத்தையே பிடித்தாய். அவர் சிரித்துவிட்டு, இருவருக்கும் ஜூலை ஒன்று என்றும் ஒரே வருடத்தையும் எழுதினார். எனக்கு அந்த வருடம் சரி. உனக்கு இல்லை. நான்கு வருடம் எங்கள் வேர்க்கடலைக் கொல்லையில் மாடு ஓட்டிவிட்டுத்தான் நீ பள்ளிக்கு வந்தாய். உன் அம்மா எங்கள் நிலத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது வலி கண்டவள். என் அண்ணன் பிறந்த அதே ஆடி மாதம் நீ பிறந்தாய் என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அண்ணனுக்கு ஜாதகம் எழுதிவைத்திருந்தார்கள், உனக்கு எழுதவில்லை. அண்ணன் எனக்கு நான்கு வயது மூத்தவன். ஆகவே நீயும்.

வேலையில் நான்கு வருடம் கூடுதலாக இருந்துவிட்டு ஓய்வுபெற்றாய். "அந்த ஹெட்மாஸ்டரு நல்லா இருக்கணும்பா" என்று அன்று கையெடுத்துக் கும்பிட்டாய். தனம்மாவிடம்கூடச் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "கல்யாணத்தப்ப ரெண்டு மூணு வயசு கம்மியா இருந்தா நல்லதுன்னு வுட்டுட்டேன். அப்பால எதுக்குச் சொல்றது?" என்றாய்.

விருது கிடைத்த அந்தப் படத்தில் நடிக்கக் கூப்பிட்டபோது காகிதத்தில் உனக்கு அறுபத்தொன்பது. உண்மையில் எழுபத்துமூன்று.

கதையில் உனக்கு ஏரி காக்கும் கிழவன் வேடம். ஏரியை மூடி வீட்டுமனை போட வருகிறார்கள். கிழவன் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டு வெளியே வர மறுக்கிறான். நீ சித்தூருக்கே வந்து என் மேசையில் உட்கார்ந்து அதை நடித்துக் காட்டினாய். பிறகு சினிமா கம்பெனி கொடுத்த ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாய். எழுபது வயதுக்கு மேற்பட்டவர் என்றால் டாக்டர் சர்டிபிகேட் வேண்டும், தண்ணீர்க் காட்சிக்கு டூப் வைப்பார்கள் என்று அதில் இருந்தது. எழுபதுக்குக் கீழே என்றால் வயதை எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

"ஸ்கூல் சர்டிபிகேட்டுல இன்னா கீதோ அத்த எய்து" என்றாய்.

"குளிர் காலம்பா. பலமனேர் ஏரி. டூப்பு வெச்சாதான் என்ன?"

"மூஞ்சி காட்டாதவனுக்கு எவன் பரிசு குடுப்பான்? உன் நோட்டுல டூப்பு யாராச்சும் கீறானா?"

இல்லை என்றேன். அது உண்மை.

"எய்து சாமி. எழுபதுக்கு அந்தப் பக்கம் எத்தினி பேரு கீறானுங்க உன் நோட்டுல? என்ன இந்தப் பக்கமே நிறுத்து."

நான் எழுதினேன். அறுபத்தொன்பது. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பார்கள். அன்று இன்னும் அழகாக எழுதினேன். பொய் எழுதவில்லை, ஆவணத்தில் இருப்பதைத்தான் எழுதினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை இன்றுவரை சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

மார்கழி. நானும் உன்னோடு வந்திருந்தேன். காலை ஏழரைக்குப் பலமனேர் ஏரியில் மறுகரை தெரியவில்லை. தண்ணீர்மேல் புகைபோலப் பனி நின்றது. ஒரு கொக்குகூட இல்லை. நீ வேட்டியோடு இறங்கினாய். முதல் டேக்கில் வசனம் சரியாக வந்தது, வெளிச்சம் வரவில்லை என்றார்கள். இரண்டாவதில் தாடியின் ஒரு பக்கம் ஈரத்தில் கிளம்பிக்கொண்டது. கரையேறி வந்து உட்கார்ந்தாய். துடைத்துவிட்டு மறுபடி பசை தடவினார்கள். அந்த வாசனை எனக்கு அன்றுதான் பழக்கமானது. பசைக்குக் கீழே உன் உதடு நீலமாக இருந்தது. மேக்கப்காரர் அதன்மேலும் வண்ணம் பூசினார்.

உதவி இயக்குநர் ஒரு பெண். உனக்குத் துண்டு கொடுத்துவிட்டு, "ஐயா, முடியுமா? ரெஸ்ட் எடுத்துட்டுப் போலாம்" என்றாள்.

"பஸ்ல முப்பது வருசம் நின்ன காலும்மா இது. வுட்டா ஏரிக்கே டிக்கெட் கிழிப்பேன்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். உன் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது சிரிப்புச் சத்தத்தில் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

நான்காம் டேக்குக்கு நீ இறங்கும்போது நான் அவளிடம் போனேன். சொல்லவேண்டியதை நடந்துகொண்டே தயார்செய்திருந்தேன். 'அவருக்கு எழுபத்துமூன்று வயது.' மொத்தம் மூன்று சொற்கள். அவள் திரும்பி, "சொல்லுங்க சார், ஏதாச்சும் வேணுமா?" என்றாள்.

"டீ கிடைக்குமா?" என்றேன்.

உடனே டீ வந்தது. பேப்பர் கப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ தண்ணீரிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் எதற்காக அவளிடம் போனேன் என்று உனக்குத் தெரிந்திருந்தது. தலையை ஒருமுறை மெல்ல ஆட்டினாய். சொல்லாதே என்றா, சொல்லியிருக்கலாமே என்றா, அத்தனை தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. அந்த டேக்கைத்தான் படத்தில் வைத்திருக்கிறார்கள். விருதுக்காரர்கள் பார்த்ததும் அந்தப் பார்வையைத்தான். அவர்கள் அதை நடிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள்.

பதினோரு நாளில் நீ போய்விட்டாய். நெஞ்சுச் சளி என்று ஆரம்பித்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் வயது கேட்டார்கள், தனம்மா அறுபத்தொன்பது என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அங்கேயும் வாயைத் திறக்கவில்லை. நீ மாஸ்க்கை நகர்த்திவிட்டு, "நோட்டுல எனக்கு ஒரு வரி காலியா வெய்யிபா" என்றாய். அதற்குப் பிறகு நீ பேசியதாக எனக்கு நினைவில்லை.

இப்போது அந்த வரியை நிரப்பச் சொல்கிறார்கள். இறந்தவனுக்குப் பரிசு கொடுத்தால் எந்த வயதை எழுதுவது? தண்ணீரில் நின்ற அன்றைய வயதா, இருந்திருந்தால் இன்று ஆகியிருக்கும் வயதா? என் நோட்டில் இதற்கு விதி இல்லை. மூன்று நாள் யோசித்தேன். வயதை எப்படிக் கணக்கிடுவது என்றா இத்தனை நாள் யோசித்தேன்? தனம்மா எதிரில் போய் நிற்கப் பயந்தேன், அவ்வளவுதான்.

நேற்று போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தேன், உட்கார்ந்தால் டீ கேட்டுவிடுவேன் என்று. எல்லாவற்றையும் சொன்னேன். காதைத் தொட்டது, ஆடி மாதம், படிவம், ஏரி. அவள் கை நிற்கவில்லை. நான் முடித்த பிறகும் பத்துப் பதினைந்து கடலை உரித்தாள்.

"அண்ணா, ஏரியில அவரு நின்னப்போ நீங்க கரையில நின்னுக்கினு இருந்தீங்களா?"

"ஆமாம்மா."

"அவரு உங்கள பாத்தாரா?"

"பாத்தார்."

பிறகு முறத்தைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள்: "ஆதார்ல, பென்சன் புக்குல, ஆஸ்பத்திரி பேப்பர்ல எல்லாத்துலயும் அந்த அறுபத்தொம்போது கணக்குதான் கீது. இப்போ மாத்தி எய்தனா பென்சன் ஆபீஸ்காரன் வந்து நிப்பான். அப்டியே எய்துங்க." என் முகத்தைப் பார்க்காமல், "உங்க கையாலயே எய்துங்கண்ணா" என்றாள்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். உள்ளே போன தனம்மா நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. "போய்ட்டு வரேம்மா" என்று வாசலிலிருந்து சொன்னேன். இனி அந்த வீட்டில் எனக்கு வேலை இருக்காது என்று நினைக்கிறேன்.

காகிதத்தில் நமக்கு என்றும் ஒரே வயதுதான். ஆனால் எனக்கு ஜூலையில் எழுபத்தொன்று முடிந்தது, உண்மையாகவே முடிந்தது. முட்டி வலிக்கிறது. வெந்நீர் இல்லாமல் குளிக்க முடிவதில்லை. இன்னும் இரண்டு வருடத்தில், நான் இருந்தால், நீ தண்ணீரில் நின்ற வயதுக்கு வந்து சேர்வேன். அன்று ஏரிக்கரையில் சொல்லாமல் விழுங்கிய அந்த மூன்று சொற்களை அப்போது என்னைப் பற்றிப் பொய்யில்லாமல் சொல்லிக்கொள்ளலாம். அப்போது கேட்பதற்கு யாரும் இருக்கமாட்டார்கள்.