இரண்டாவது டப்பா

உன் டப்பா கிடைத்துவிட்டது. பரணில், பொங்கல் பானைக்குப் பின்னால், செய்தித்தாள் சுற்றி, உன் பழைய லுங்கியைக் கிழித்துக் கட்டி ஒளித்து வைத்திருந்தாயே, அதுதான். மூடி திறக்கவே இல்லை. கையில் எடுத்ததும் அந்த நாற்றம் அடித்தது. டப்பாவிலிருந்து இல்லை, மேலே சீலிங்கிலிருந்து. பெயிண்டர் டேவிட் ஏணியில் நின்று அப்போதுதான் ஒரு மூலையைச் சுரண்ட ஆரம்பித்திருந்தார்.

நம் மகள் கைக்குழந்தையோடு வருகிறாள். நீ பார்க்காத பேரன். "அந்த சீலிங்குக்குக் கீழ எம்புள்ளயப் படுக்க வெக்க மாட்டேம்மா" என்று போனிலேயே சொல்லிவிட்டாள். நீ போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது, இனி யாருக்காக அதை வைத்துக்கொண்டிருப்பது என்று நானும் ஆளைக் கூப்பிட்டேன். டேவிட் விரலால் தொட்டுப் பார்த்தார், மோந்து பார்த்தார், முகத்தைச் சுளித்தார்.

"யக்கா, இது ரெண்டு டப்பா பெயிண்ட்டு. பெருசோட சின்னதக் கலக்கிக்கினுதான் அடிக்கணும். சின்னதுலதான் காயவெக்கிற மருந்து கீது. உங்க ஊட்டுக்காரரு பெருச மட்டும் அடிச்சிக்கிறாரு. எத்தினி வருசம் ஆனாலும் காயாது."

சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தார். "தோ, அதான் சின்ன டப்பா. இன்னாக்கா, திறக்காமயே வெச்சிக்கினு கீறீங்க?"

பதினாறு வருஷம்.

ஓலைக் குடிசையைப் பிரித்துத் தளம் போட்ட வருஷம் அது. பொங்கலுக்கு முன்னால் உள்ளே பெயிண்ட் அடித்துவிட வேண்டும் என்று நீ குதித்துக்கொண்டிருந்தாய். மார்கழிக் கடைசியில் ஒரு சாயங்காலம், கும்மிடிப்பூண்டி கம்பெனியிலிருந்து வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து இறக்கினாய் அந்தப் பெரிய டப்பாவை. சாம்பல் நிறம். "ஸ்டோர்ல கேட்டு வாங்கியாந்தேன்டி. பாலத்துக்கு அடிக்கிற பெயிண்ட்டு. ஆயுசுக்கும் போவாது" என்றாய். நீ அங்கே வெல்டர். பெயிண்ட் அடிக்கும் பக்கம் போனதே கிடையாது. எப்படி அடிக்க வேண்டும் என்று யாரிடமாவது கேட்டாயா என்றேன். "பெயிண்ட் அடிக்க இன்னாடி கேக்கணும்? பிரஷ்ஷ முக்கு, அடி" என்றாய். ரெண்டு பேருமாக ஒரு நாள் முழுக்க அண்ணாந்து நின்று அடித்தோம். கழுத்து பிடித்துக்கொண்டு பொங்கலன்று எனக்குத் தலையைக் குனியவே முடியவில்லை.

காயவில்லை. மார்கழிப் பனி என்றாய். தை போனது, மாசி போனது, தொட்டால் விரல் ஒட்டியது. கம்பெனிப் பக்கமிருந்து காற்றில் வந்த கரியெல்லாம் மேலே போய் உட்கார்ந்தது. பிறகு கொசு. பிறகு பூச்சி. முதல் மழைக்கு ஈசல் வந்தது பார், விளக்கைச் சுற்றிவிட்டு நேரே போய் ஒட்டிக்கொண்டது. இறக்கையெல்லாம் தனித்தனியாக ரெண்டு மாதம் தொங்கியது. ஒரு பல்லி மாட்டிக்கொண்டதே, நினைவிருக்கிறதா? ரெண்டு நாள் வால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நீ மண்ணெண்ணெய்த் துணியோடு ஏறி எடுத்துவிட்டாய். பல்லி வந்தது, ஒரு கால் அங்கேயே நின்றுவிட்டது.

அந்தக் காலுக்குக் கீழே உட்கார்ந்துதான் நாம் சாப்பிட்டோம். செத்த பூச்சி சோற்றில் விழும், குழம்பில் விழும். அதனால் வலது கையால் சாப்பிட்டுக்கொண்டே இடது கையைத் தட்டுக்கு மேலே குடை மாதிரி பிடிக்கப் பழகினோம். நான் வேலை செய்யும் பேக்கிங் செக்‌ஷன் கேன்டீனிலும் அப்படியே பிடித்தேன். எதிரே உட்கார்ந்தவள், "இன்னாக்கா, உன் சோத்த யாரு புடுங்கறாங்க?" என்று சிரித்தாள். காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. நானும் சிரித்து வைத்தேன்.

கோடையில்தான் நீ கண்டுபிடித்தாய், காரணம் நான் என்று. "நீ மீன் வறுக்கிற எண்ணெப் பொகதாண்டி. பிசுக்கு மேல போயி ஒக்காந்துக்குது." நானும் நம்பினேன். அடுப்பைப் பின்பக்கம் கொண்டுபோய் தகர ஷீட்டுக்குக் கீழே வைத்தேன். மீனாகட்டும் அப்பளமாகட்டும், எண்ணெய் வைத்தால் வெளியேதான். மழைநாளில் ஒரு கையில் குடை, ஒரு கையில் கரண்டி. சாரல் பட்டு எண்ணெய் தெறித்த தழும்பு முழங்கையில் இன்னும் இருக்கிறது.

இப்போது டப்பாவைச் சுற்றியிருந்த தாளைப் பிரித்துத் தேதி பார்த்தேன். அதே வருஷம், ஆவணி மாதம். அப்படியானால் கோடையில் நீ என்னைச் சொன்னது தெரியாமல் சொன்னது. சரி, விட்டுவிடுகிறேன். ஆவணியில் உனக்கு உண்மை தெரிந்துவிட்டது. கம்பெனியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், சின்ன டப்பாவைத் தேடி வாங்கி வந்திருக்கிறாய். அதை மேலே தடவிப் பிரயோஜனமில்லை, முன்னாடியே கலந்திருக்க வேண்டும் என்று அப்புறம் தெரிந்திருக்கும். அவ்வளவையும் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதற்கு என்னிடம் சொல்லியாக வேண்டும். நீ பரணில் ஏறிவிட்டாய்.

அந்த வருஷத் தீபாவளிக்கு உன் அக்கா திருநின்றவூரிலிருந்து வந்தாள். அவள் பாயசத்தில் ஒரு பூச்சி விழுந்தது. டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "இவ சட்டி வெச்சா ஊடே பிசுக்குதாண்டா. சுத்தம் பத்தாது" என்றாள். நீ வாசல்படியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாய். டீயை ஊதினாய். அன்றிலிருந்து உன் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என்னைக் காய் நறுக்க விடுவார்கள், அடுப்புப் பக்கம் விடமாட்டார்கள். உனக்குத் தெரிந்தே நடந்தது இதெல்லாம். பல்லிக்காலைப் பார்த்துக்கூட எனக்கு இப்படி அருவருத்ததில்லை.

என்னை நினைத்தாலும் அருவருப்பாகத்தான் இருக்கிறது. அடுப்பு வெளியே போன பிறகும் சீலிங் ஒட்டிக்கொண்டேதானே இருந்தது? புகையே போகாத வீட்டில் பிசுக்கு எங்கேயிருந்து வரும்? கம்பெனியில் ஒரு பெட்டியில் ஒரு சாமான் குறைந்தால் கண்டுபிடிப்பவள் நான். இதை ஒரு நாளும் யோசிக்கவில்லை. வீட்டுக்காரர் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

நீ படுக்கையில் விழுந்த கடைசி மாதம். கட்டிலில் மல்லாந்து அந்தச் சீலிங்கையேதான் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை மடவை மீன் வாங்கி வந்தேன்.

"இன்னிக்கி உள்ளயே வறுடி. வாசன புடிக்கணும்" என்றாய்.

"ஆமா, இருக்கிற பிசுக்கு பத்தாதா?" என்றேன்.

"பிசுக்கு வராது. நீ வறு."

காய்ச்சலில் உளறுகிறாய் என்று நினைத்துக்கொண்டு சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். வறுத்து எடுத்து வந்தபோது நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். ஒரு துண்டுகூடத் தின்னவில்லை.

பிசுக்கு வராது என்றாயே, அதுதான் நீ சொன்னதா? இத்தனை வருஷத்துக்கு அந்த ஒரு வார்த்தைதானா? இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா? திட்டியிருப்பேன், ரெண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். அப்புறம் உன் தலைமாட்டிலேயே அடுப்பை வைத்து வறுத்துப் போட்டிருப்பேனே, பாவி.

டேவிட் மூன்று நாள் சுரண்டினார். சாக்கு சாக்காக வந்தது, கரியும் இறக்கையும் மயிருமாகக் குழைந்த சாம்பல். மூக்கில் துணி கட்டிக்கொண்டு நானே அள்ளிக் கொட்டினேன். பிறகு பட்டி பூசி மட்டம் செய்து வெள்ளை அடித்தார். மறுநாள் ஸ்டூலில் ஏறி உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.

"டப்பாவத் தூக்கிப் போட்டுடட்டுமாக்கா?" என்று டேவிட் கேட்டார். வேண்டாம் என்றேன். எண்ணெய்த் தூக்குக்குப் பக்கத்தில், கண்ணில் படுகிற மாதிரி வைத்திருக்கிறேன். பேரனைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா வருகிறாள். என்ன டப்பா என்று கேட்பாள். சொல்லப்போகிறேன்.

மகளும் பேரனும் நாளைக்குத்தான் வருகிறார்கள். இன்று அடுப்பை உள்ளே கொண்டு வந்தேன். மடவைதான். கதவு, ஜன்னல் எதையும் திறக்கவில்லை. புகை எழும்பி வெள்ளை சீலிங்கில் முட்டிப் பரவியது. பரவட்டும் என்று நின்று பார்த்தேன். உன் கட்டில் கிடந்த இடத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தேன். பாதி சாப்பாட்டில்தான் கவனித்தேன், இடது கை தட்டுக்கு மேலே குடை பிடித்துக்கொண்டிருந்தது. எடுத்து மடியில் வைத்தேன். அடுத்த வாய்ச் சோற்றுக்கு அது மறுபடியும் தானாக வந்து நின்றது.