இர்மாவின் பந்து

மார்ச் 4, செவ்வாய்
எழுத்து கோணல்மாணலாக விழுகிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும். யார் பொறுக்க? நான்தானே படிக்கப்போகிறேன்! எழுபத்தொன்பது வயதில் எழுத்துக் கற்று, நானே எழுதி நானே படிக்கிறேன். ரொட்டி உறையைக்கூடப் படிக்காமல் விடுவதில்லை.

மார்ச் 6, வியாழன்
எதைப் படித்தாலும் என் மனைவி இர்மாவின் குரலில்தான் கேட்கிறது. சாகும்வரை எனக்கு எல்லாவற்றையும் வாசித்துச் சொன்னவள். ஆனால் வேகம் கூடக்கூடக் குரல் மெலிகிறது. இன்று செய்தித்தாளில் ஒரு பத்தி முழுக்க அவள் இல்லை. முழுசாகக் கற்றுக்கொண்டால் போய்விடுவாளா?

மார்ச் 9, ஞாயிறு
மகள் டாரீன், காசு போட்டு இரும்புப் பந்தை அடித்து ஆடும் பழைய பின்பால் எந்திரங்களின் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனாள். ஒரே மணிச் சத்தம். கடைசி வரிசையில் அது நின்றது. வெள்ளிக்கிழமை நானும் இர்மாவும் மீன் வறுவல் சாப்பிடப் போவோமே, அந்த மதுக்கடையில் இருந்த அதே வகை. மேல் கண்ணாடியில் கடலில் குதிக்கும் பெண்களின் படம்.

ஒரே காசில் இருவரும் ஆடுவோம். ஒரு பந்து எனக்கு, அடுத்தது அவளுக்கு. சில சமயம் என் பந்து விழுந்ததும் கீழே ஏதோ எழுத்தோடு சின்ன விளக்கு எரியும். உடனே இடுப்பால் இடிப்பாள். "தள்ளுய்யா. 'பொம்பளைக்கு வழி விடு'ன்னு எரியுது பாரு." அவள் முறையில் எரிந்தால் மட்டும் பல்பு கெட்டுப்போச்சு என்று சொல்லித் தானே மறுபடி ஆடுவாள்.

இன்று ஆடினேன். எரிந்தது. எழுத்துக்கூட்டினேன்: அதே ஆள் மறுபடி ஆடலாம்.

அடிப்பாவி. இத்தனை வருஷமா என் பந்தைத் திருடியிருக்கியா!

கண்ணில் நீர் வரச் சிரித்தேன். ஆனாலும் கால் தானாக ஒதுங்கியது. பந்து காத்திருந்தது.

"உங்க பந்துதான் ஐயா, அடிங்க" என்றாள் அங்கே வேலை பார்ப்பவள்.

"இல்லம்மா, அவ முறை."

டாரீனிடம் இந்த விளக்குக் கதையை நான் சொன்னதே இல்லை. பந்தை அப்படியே விட்டு வந்தோம்.

மார்ச் 10, திங்கள்
செய்தித்தாள் முழுக்க மௌனம். பொய்யைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று கோபமா? ஏய், கோபமா உனக்கு?

மார்ச் 13, வியாழன்
இன்றும் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு
மறுபடி போனோம். என் பந்து விழுந்தது, விளக்கு எரிந்தது. படிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். இடுப்பில் ஓர் இடி.

"தள்ளுய்யா."

டாரீன்! என்னை அப்பா என்பதைத் தவிர வேறு எப்படியும் அழைக்காதவள். கம்பியை இழுத்துப் பந்தை விட்டாள். இர்மாவைப் போலவே உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடினாள்.

காரில் கேட்டேன், யார் சொல்லிக்கொடுத்தது என்று. "தெரியலப்பா. வாயில வந்துச்சு."

அடுத்த ஞாயிறும் போகிறோம். விளக்கு எரிந்தால், ஆடியது யார் என்று வந்து எழுதுகிறேன்.