யாஹ்யா திருகிய ஸ்குரூ

ரிஸ்வானாவுக்கு ஸலாம். நீயும் உம்மாவும் சுகமா? ஷார்ஜாவில் எனக்குச் சளியைத் தவிர குறையில்லை.

உன் தம்பி யாஹ்யாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன். பயப்படாதே, அடிக்கவில்லை. கடையில் விற்க வைத்திருந்த பழைய பிக்கப் வண்டி, ஓரிடத்தில் நின்றால் நடுங்கி அணைந்தது. இவன் ஸ்குரூவைத் திருகி ஐட்லிங்கை, அதாவது நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தை, ஏற்றிவிட்டு, "சரியாப் பூடுச்சு மச்சான்" என்றான். வாங்க வந்தவர்கள் முன்னாலேயே இன்ஜினின் ரப்பர் குழாய்மேல் தண்ணீர் தெளித்தேன், உடனே இன்ஜின் விக்கியது. குழாயில் வெடிப்பு, அதுவழியாகக் காற்று புகுந்துதான் வண்டி அணைந்திருக்கிறது.

"ஊருல மெக்கானிக்குன்னு சொல்லிக்கினு திரிஞ்சியே, இது தெரியலியா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"அக்காகிட்ட சொல்லாதீங்க மச்சான்" என்று அழுதான். அதனால்தான் உடனே எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை திண்டிவனம் வந்துவிடுவான். அவனுக்குப் பெண் பேசியிருக்கும் விழுப்புரத்து வீட்டாரிடமும் மறைக்காதே.

அறையில் சமைத்தவன் அவன்தான். மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று எழுது. வண்டி பார்க்க ஆள் வந்துவிட்டது, எழுந்திருக்கிறேன்.

ஜகபர் சாதிக்