கட்டை கொடுக்காத சக்கரம்

டீச்சரம்மாவுக்கு,

நான் நலம். அம்மாவைக் கேட்டதாகச் சொல். உன் தொண்டைக்கட்டு தேவலையா? வகுப்பில் கத்தாதே என்றால் கேட்கவா போகிறாய்?

முந்தாநாள் கிடங்கில் ஒரு கூத்து. அடுக்கிலிருந்து பெட்டி இறக்க, சக்கரம் வைத்த சரிவுப்பலகை ஒன்று உண்டு. சக்கரம் உருளாமலிருக்க அதற்குக் கட்டை கொடுக்க மறந்துவிட்டு, அதன் உயரமான பக்கத்துக்குப் பின்னால் நின்று கனமான பெட்டி ஒன்றைச் சறுக்கிவிட்டேன். பெட்டி முன்னால் இறங்க, பலகை பின்னால் உருண்டு வந்து என் முழங்காலை அடுக்கோடு சேர்த்து இடித்துவிட்டது. வெறும் சிராய்ப்புதான். இந்த வாரம் முழுக்க லீவு வேறு கொடுத்திருக்கிறார்கள்.

“பெட்டிதானே எறங்குச்சு, பலகை ஏன்ப்பா நகருது?” என்றார் மேஸ்திரி.

நீ வகுப்பில் கரும்பலகையில் முக்கோணம் வரைந்து சொல்வதையே சொன்னேன். “பெட்டி எறங்கும்போது பலகையையும் தள்ளிட்டுத்தான் போகும். புடிச்சு வைக்க ஆளில்லன்னா அது நின்ன எடத்துல நிக்காது.”

அந்தப் படத்தை அம்புக்குறியெல்லாம் போட்டு ஒரு தாளில் வரைந்து அனுப்பு. உன் தலையணை உறை ஒன்றும் வேண்டும், துவைக்காமல்.

குக்கர் கூப்பிடுகிறது, முடிக்கிறேன். நான் நம் வீட்டுப் படியிறங்கி இங்கே கிளம்பிய அன்று நீ வாசலில் அசையாமல் நின்றாய். நின்றதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உனக்கு மட்டும் யார் கட்டை கொடுத்திருப்பார்கள்?

உன் மறதிக்காரன்