யூபிஎஸ்ஸில் மாட்டிய ஃபேன்

அக்கா,

இன்று மத்தியானம் கரண்ட் போனது. யூபிஎஸ் கத்த ஆரம்பித்ததும் என் கை தானாக சேவ் கொடுத்தது. "சேவ் போட்டுட்டியா தாயி?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்பீர்களே, அதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். நீங்கள் போய் ஒரு கோடை முடிந்துவிட்டது. இன்னும் எனக்குப் புத்தி வரவில்லை.

திருச்சுழி பஸ் ஸ்டாண்டு பக்கம் இந்தக் கம்ப்யூட்டர் கடையை நாம் இருவரும் சேர்ந்து எடுத்தபோது, யூபிஎஸ்ஸில் வேறு எதையும் மாட்டக்கூடாது என்று அட்டையில் எழுதி ஒட்டியது நான்தான். கரண்ட் போனால் அது தாங்குவதே பத்து நிமிஷம். செய்த வேலையை சேவ் பண்ணி, கம்ப்யூட்டரை முறையாக நிறுத்த அந்த நேரம் போதும்.

அதற்கடுத்து வந்த சித்திரையில் நான் ஏழு மாதக் கர்ப்பிணி. அன்று காலையிலிருந்தே கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. சாப்பிட்டதும் மேஜையிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். மறுபடி கரண்ட் போய், யூபிஎஸ் இரண்டே நிமிஷத்தில் அடங்கி, நீங்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் பட்டென்று நின்றது. கரண்ட் வந்த பிறகும் அது எழும்பவே இல்லை. ஊர்க்காரர்கள் நம்பிக் கொடுத்த பட்டா, சாதிச் சான்றிதழ், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் ஸ்கேன் பண்ணி அதற்குள்தான் இருந்தன. குனிந்து பார்த்தால் யூபிஎஸ்ஸில் ஃபேன் வயர். வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள் என்றும் பாராமல் கத்தினேன். உங்கள் சொகுசுக்கு என் பிழைப்பைக் கெடுத்துவிட்டீர்கள் என்றேன்.

"நாந்தேன் மாட்டுனேன்" என்று மட்டும் சொன்னீர்கள்.

மறுநாள் சிபியூவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினீர்கள். டிஸ்கில் பதிந்துகொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் நின்றதால், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற குறிப்பே குலைந்துவிட்டதாக ரிப்பேர் கடையில் சொன்னார்களாம். "எல்லாம் கெடச்சிருச்சு. பேருதேன் இல்ல" என்று திரும்பி வந்தீர்கள். ஃபைல்களுக்கு வெறும் நம்பர்தான் இருந்தது. நாலு நாள் ஒவ்வொன்றாகத் திறந்து, போட்டோவைப் பார்த்து, இவர் பரளச்சி ஊர்க்காரர், இவர் பாலவனத்தம் என்று ஆள் கண்டுபிடித்துப் பெயர் போட்டீர்கள். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அக்கா, அன்று சாயங்காலமே எனக்கு விஷயம் தெரியும். கத்தி ஓய்ந்து என் நாற்காலியில் உட்கார்ந்தபோது ஃபேன் காற்று நேரே என் வயிற்றில் அடித்தது. அந்த ஃபேனுக்குக் கழுத்து திரும்பாது, வைத்த பக்கம்தான் வீசும். உங்கள் நாற்காலிக்குத் துளிக் காற்று இல்லை. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை நான். பெரிய ரோஷக்காரி! அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று வருஷங்களை ஓட்டினேன். நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை.

இன்றைக்கு முதலில் கம்ப்யூட்டரை முறையாக நிறுத்தினேன். பிறகு அதே ஃபேனின் வயரை யூபிஎஸ்ஸில் மாட்டி, உங்கள் நாற்காலிப் பக்கம் திருப்பி வைத்தேன். பேட்டரி தீரும் வரை சுற்றியது. அது நிற்கும் வரை வேர்வையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.