அப்பாவின் படுதா சுவரேறிய கதை

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் தோள்வலியும் எங்களோடு சௌக்கியமாகவே இருக்கிறது. அங்கே உன் உடம்பும் சாப்பாடும் தூக்கமும் எப்படி என்று ஒளிக்காமல் எழுது. போனில்தான் பேசுகிறோமே, இந்த அம்மாவுக்குக் கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். போனில் நான் ஏதாவது முக்கியமாக ஆரம்பித்தால் "சரிம்மா, மீட்டிங் இருக்கும்மா, அப்புறம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அது மேஜைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் ஆபீஸ் வேலையாக, கூட வேலை செய்கிற தோழியோடு இந்தப் பக்கம் வருகிறேன் என்று சொன்னாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த மூச்சிலேயே, "நாங்க லாட்ஜ்ல தங்கிக்கிறோம்மா, உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு, சாயங்காலமா வந்து பாத்துட்டுப் போறோம்" என்றாய். நானும் சரி என்றுதான் சொன்னேன். ஆனால் போனை வைத்த கையோடு படுக்கை அறை வாசலில் போய் நின்று, புதிதாக வருகிற ஒருத்தியின் கண்ணால் அந்த அறையைப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டிகள், பெட்டிகளுக்கு முன்னால் மூட்டைகள், மூட்டைமேல் அப்பாவின் பிரஷ் டப்பா, குறுக்கே கொடிக்கயிறு, கயிற்றில் நம் எல்லோருடைய துணியும். எதிர்ச்சுவரோ சொல்லவே வேண்டாம். பின்பக்கத்துக் குளியலறைக் குழாய் கசிந்து கசிந்து சுண்ணாம்பு உரிந்து, உலகப்படம் மாதிரி ஆகிவிட்டது. ஊர்ச் சுவரெல்லாம் பளபளக்க வைக்கிற மனுஷன் சொந்தச் சுவரை இப்படி விட்டுவிட்டாரே என்று நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். அவர் ஒரே பதில்தான் சொல்வார். "குழாயைச் சரி பண்ணாம அடிச்சா ஒரு மாசத்துல உரிஞ்சிடும். அடிச்சவன் யாருன்னு கேப்பாங்க. எனக்குத்தான் அசிங்கம்." வீட்டுக்காரம்மா குழாயையும் பார்க்க மாட்டார், சுவரில் ஒரு ஆணி அடிக்கவும் விட மாட்டார். ஆணி அடித்தாலும் அந்த ஈரச் சுவரில் நிற்காது, அது வேறு கதை.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. நீ போன தடவை வந்தபோது உன் ஹாஸ்டல் அறைப் படம் ஒன்று காட்டினாயே, பக்கத்துக் கட்டில் பெண் சுவரில் பாக்கெட் வைத்த துணி ஒன்று தொங்கவிட்டு, சீப்பு, கண்ணாடி, புத்தகம் எல்லாம் அதற்குள் போட்டிருந்தாள். அழகுக்கு அழகும் ஆச்சு, அலமாரியும் ஆச்சு. பள்ளிக்கூடப் பை தைத்தே கண்ணாடி போட்டவள் நான், பாக்கெட் வைப்பது எனக்கு ஒரு வேலையா என்று தோன்றியது. சுவரை மூடும் அளவுக்குப் பெரிய துணி வேண்டும், கனமும் தாங்க வேண்டும். வீட்டில் அப்படி இருப்பது ஒன்றே ஒன்றுதான். அப்பா பெயிண்ட் அடிக்கப் போகும் வீட்டில் தரை பாழாகாமல் விரிப்பாரே, அந்தக் கேன்வாஸ் படுதா. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதிருந்து அவர் சைக்கிளில் போய் வருகிறது. இப்போது மேஸ்திரி பிளாஸ்டிக் விரிப்புக் கொடுத்துவிட்டதால் பரணில் சும்மா கிடந்தது. ஒரு பக்கம் முழுக்கப் பெயிண்ட் சொட்டு, காலடி, டப்பா வைத்த வட்டம் என்று ஒரே கோலம். மறுபக்கம் பரவாயில்லை, துவைத்தால் வெளுப்பாக இருக்கும். அந்த வெளுத்த பக்கத்தை முகப்பாக வைத்துப் பாக்கெட் தைப்போம், கறைப் பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும், யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன்.

நான் பை தைக்கிற கம்பெனியில் கட்டிங் மாஸ்டரிடம் கேட்டேன். பையில் பேர் எழுதிய அட்டை செருக வைப்போமே, கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக், அதில் வெட்டி மிஞ்சிய துண்டுகளையும் கொஞ்சம் தோள்வாரையும் கொடுத்தார். "என்னம்மா, சொந்தமா கம்பெனி ஆரம்பிக்கிறீங்களா, எனக்கும் ஒரு வேலை போட்டுக் குடுங்க" என்று கிண்டல் வேறு. தெளிவான பாக்கெட் என்றால் எது எங்கே இருக்கிறது என்று வெளியிலேயே தெரியும், உன் அப்பா "என் கண்ணாடி எங்க, என் மாத்திரை எங்க" என்று வீட்டைத் தலைகீழாக்க மாட்டார் என்பது என் கணக்கு. ஷிப்ட் முடிந்து எல்லோரும் போன பிறகு பெரிய மிஷினில் உட்கார்ந்தேன். மேலே தொங்கவிட வார் வளையங்கள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சதுரம் அடித்து நடுவில் குறுக்குத் தையல் போட்டேன். புத்தக மூட்டையோடு பிள்ளைகள் தரதரவென்று இழுத்துப் போனாலும் பிரியாத தையல் அது. பாக்கெட்டுகளையும் வரிசையாகத் தைத்து முடித்து, நூலை வெட்டி, எழுந்து நின்று விரித்துப் பார்த்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன் சிட்டு.

பாக்கெட் எல்லாம் கறைப் பக்கத்தில் இருந்தது. எப்படி ஆயிற்று என்று கேட்பாய். பை தைக்கிறவர்களுக்குத்தான் இது புரியும். நாங்கள் நல்ல பக்கத்தைப் பார்த்துத் தைப்பதே இல்லை. நல்ல பக்கம் உள்ளே, கெட்ட பக்கம் மேலே, அப்படியே சுற்றிலும் தைத்து, கடைசியில் வாய் வழியாகக் கையை விட்டுப் பையைப் புரட்டினால் நல்லது வெளியே வந்துவிடும். கெட்ட பக்கம் கண்ணுக்குத் தெரிந்தால் வேலை சரியாகப் போகிறது என்றுதான் இந்தக் கைக்குத் தெரியும். அதுவும் ஊசிக்குக் கீழே ஒரு சாண் துணிதான் தெரிகிறது, மீதி மடியில் சுருண்டு கிடக்கிறது. கறையைப் பார்த்துக்கொண்டே, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சந்தோஷமாகத் தைத்திருக்கிறேன். பையைப் புரட்டலாம், ஒற்றைத் துணியை எங்கே புரட்டுவது? பிரித்துத் தைக்கவும் வழியில்லை, பிளாஸ்டிக்கில் ஊசி விட்ட துளை மூடாது, அந்தத் துளையோடேயே கிழிந்து வரும். உன் தோழிக்கு முன்னால் அழகாக ஒரு சுவர் வேண்டும் என்று கிளம்பியவள், உரிந்த சுவருக்குமேல் அழுக்குப் படுதாவை மாட்ட வழி பண்ணிவிட்டேன் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அதை மூலையில் போட்டேன். அப்பா எடுத்து விரித்தார், விஷயத்தைச் சொன்னேன், முதலில் நன்றாகச் சிரித்தார். "ஏன்டி, இத்தனை வருஷம் தைச்சும் எது முன்பக்கம்னு தெரியலையா?" என்று கேட்டார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஸ்டூலை எடுத்துப் போட்டார். ரோலர் மாட்டுகிற நீளக் கம்பை வார் வளையங்களில் நுழைத்து, ஒரு முனையை ஜன்னல் கம்பியிலும் மறுமுனையைச் சுவரோரத்துப் பழைய மின்விசிறிக் கொக்கியில் இருந்து தொங்கவிட்ட கயிற்றிலும் கட்டினார். ஆணியே இல்லை. சுவரில் படாமல் ஒரு கை போகும் இடைவெளி இருப்பதால் ஈரமும் ஏறாது. கட்டி முடித்து இறங்கி, கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு எழுந்து போய் ஒரு பச்சைச் சொட்டின்மேல் விரலை வைத்து, "இது மருந்துக்கடைக்காரர் வீடு, மாடிப்படி" என்றார். நீலத்தைத் தொட்டு, "இது பிரசவ ஆஸ்பத்திரி, குழந்தைங்க வார்டு" என்றார். டப்பா வட்டம் ஒன்றைக் காட்டி, "இந்த ரோஸ் மருந்துக்கடைக்காரரோட மூத்த பொண்ணுக்குப் பிடிச்சதுன்னு மூணு தடவை மாத்தி அடிச்சது, அந்தப் பொண்ணு இப்ப டாக்டரு" என்றார். ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டே போகிறார். இத்தனை வருஷம் அவர் வேலைக்குப் போய் வருவதைத்தான் பார்த்திருக்கிறேன், என்ன செய்துவிட்டு வருகிறார் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன், சிட்டு. நம் சுவரில் ஊரே இருந்தது.

நடுவில் ஒரு பெரிய மஞ்சள் இருக்கிறது, உள்ளங்கை அகலம். அவர் அதைத் தாண்டிப் போனார். இது என்ன, இவ்வளவு பெரிசாகச் சிந்துகிற ஆளில்லையே நீங்கள் என்று கேட்டேன். அப்புறம்தான் சொன்னார், உன் காலேஜ் வராந்தாவாம். நீ முதல் வருஷம். உனக்கே தெரிந்ததுதான், எனக்குத்தான் இத்தனை நாள் தெரியாது. ஏணிமேல் நின்று அடித்துக்கொண்டிருந்தாராம், நீ தோழிகளோடு வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, பிள்ளைக்கு எதற்குச் சங்கடம், நாலு பேர் முன்னால் வாயெடுத்துப் பேசவே கூச்சப்படுகிறவள் என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாராம். நீ நேராக வந்து, படுதாவுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, அதன்மேல் நடந்து வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாயாம். "அப்ப திரும்பின வேகத்துல டப்பா சாஞ்சு சிந்தினது இது. அதுக்கு முன்னாடி நான் அவ்ளோ சிந்தினதில்ல, பின்னாடியும் இல்ல" என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டார். எனக்கும் அடுப்படியில் ஏதோ வேலை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்தப் படுதாவைக் கழற்ற யாருக்கு மனசு வரும்? பாக்கெட் தெளிவாக இருப்பதால் சொட்டுகள் அப்படியே பூப்போட்ட மாதிரி தெரிகின்றன. ஆனால் அப்பா படுத்துகிற பாடு கொஞ்சமில்லை. சீப்பை வைத்தால் "மருந்துக்கடை மறையுது, தள்ளி வை" என்கிறார். என் கத்தரிக்கோலுக்கு ஆஸ்பத்திரியை விட்டுக்கொடுக்க ஒரு நாள் பூராவும் பேச வேண்டியிருந்தது. மஞ்சளுக்கு முன்னால் இருக்கிற பாக்கெட்டில் எதுவும் வைக்கக் கூடாது என்பது சட்டம். தெளிவான பிளாஸ்டிக்கால் எனக்கும் ஒரு தலைவலி வந்தது, அவர் பனியனை மடித்து மேல் பாக்கெட்டில் செருகி வைத்திருந்தார், வருகிறவர்கள் எல்லாம் பார்க்கட்டும் என்று. அதனால் வெளுத்த பக்கத்தில் ரெக்சின் பாக்கெட் சில தைத்துவிட்டேன், வெளியே காட்ட முடியாததெல்லாம் கையை விட்டுப் பின்பக்கம் போட்டுவிடலாம். ஆக, நான் நினைக்காமலேயே இரண்டு பக்கமும் நல்ல பக்கமாகவே ஆகிவிட்டது. பெட்டிகளில் கிடந்த துணி, உன் புத்தகங்கள், போர்வைகள், மருந்து எல்லாம் சுவரேறிவிட்டன, டிரங்குப் பெட்டிகள் பரணுக்குப் போய்விட்டன. கொடிக்கயிற்றை அவிழ்த்துவிட்டேன். கட்டிலை ஓரமாகத் தள்ளினால் கீழே இரண்டு மெத்தை தாராளமாக விழும். நம் அறைக்குத் தரை இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, அண்ணன் வேலை செஞ்ச துணியத் துவைக்காமலேயே மாட்டிட்டீங்களா?" என்று நக்கலாகக் கேட்டாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "துவைச்சா வீடெல்லாம் போயிடும்மா" என்றார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, நான் சொன்ன பிறகு புரிந்தது. மறுநாள் தன் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்து, எந்தச் சொட்டு எந்த வீடு என்று இவளே கதை சொல்கிறாள், பாதி தப்பு. வீட்டுக்காரம்மாவும் ஆணி அடித்திருக்கிறோமா என்று பார்க்க வந்தார். கம்பு, கயிறு எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் கிடைக்காமல், "எங்க வீடும் இதுல இருக்கா?" என்று கேட்டார். அப்பா குனிந்து கீழ் ஓரத்தில் கடுகளவு ஒரு சந்தனக் கலர்ப் புள்ளியைக் காட்டினார். "இவ்ளோதானா?" என்றார் அந்தம்மா, முகம் வாடிப்போய். "உங்க வீட்ல சிந்தாம அடிச்சேம்மா, நீங்க பக்கத்துலயே நின்னுட்டிருந்தீங்களே" என்றார் அப்பா. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு இருக்கிறதே. ஆனால் போகும்போது, குழாய்க்காரனை வரச் சொல்கிறேன் என்று அவராகவே சொல்லிவிட்டுப் போனார். வரட்டும் பார்ப்போம்.

இப்போது நீ சொல்லு. லாட்ஜ் என்று நீ சொன்னது வெட்கத்தினால் இருக்குமோ என்று போனை வைத்த அன்று எனக்கு ஒரு எண்ணம் வந்தது உண்மை, உன்னிடம் மறைப்பானேன். அப்பாவிடம் சொன்னேன். "அன்னைக்கு அத்தனை பேருக்கு முன்னாடி ஏணியப் பிடிச்ச பிள்ளைடி அவ. நம்ம வீட்ல இடமில்ல, ராத்திரி நாம வெளியில போய்ப் படுப்போம்னு நினைச்சிருப்பா" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. அந்தக் கவலை உனக்கு இனி வேண்டாம், இடம் இருக்கிறது, வந்து பார். பெரிய வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் உன் தோழிக்குக் காட்டுவதற்கு நம்மிடம் இப்போது ஒன்று இருக்கிறது, அதைப் பக்கத்தில் நின்று சொல்லிக் காட்ட உன் அப்பா துடித்துக்கொண்டிருக்கிறார். பேச்சுக்கூட ஒத்திகை பார்க்கிறார், மஞ்சளை மட்டும் நீ சொல்ல வேண்டுமாம்.

உங்கள் இருவருக்கும் ஜன்னல் பக்கம் இரண்டு பாக்கெட்டுகளைக் காலியாக விட்டிருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, ஆபீஸில் ஏசிக்கு நேராக உட்காராதே, கண் வலித்தால் கம்ப்யூட்டரை மூடிவிட்டு எழுந்து நட. எந்த ஊரில் இருந்தாலும் நீ தலைநிமிர்ந்து, குறை ஒன்றும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், அதுதான் நான் தினமும் கேட்பது. லாட்ஜுக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிடு, மறந்துவிடாதே. அதைவிட முக்கியம், உன் தோழி எவ்வளவு உயரம் என்று உடனே எழுது. குள்ளமாக இருந்தால் அவள் பாக்கெட் எட்டாதாம், கம்பை இறக்கிக் கட்ட வேண்டுமாம், உன் அப்பா இரண்டு நாளாக ஸ்டூலை மடக்காமல் அறை நடுவிலேயே போட்டு வைத்திருக்கிறார், நான் தினமும் அதில் கால் இடித்துக்கொள்கிறேன்.

உன் வரவுக்கு வாசலைத் திறந்து வைத்திருக்கும்,
உன் அம்மா
(அப்பா கையெழுத்துப் போட வந்து ஓரத்தில் மஞ்சள் சிந்திவிட்டார். வேண்டுமென்றே செய்தது, கை தவறிவிட்டது என்று சொன்னால் நம்பாதே.)